நாயை அவிழ்க்கும் முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்

குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் டெடி பொம்மை ஒரு வேட்டையில் பிறந்தது. 1902 நவம்பரில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிபி மாநிலத்துச் சதுப்புக் காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு வழிகாட்டியவர் ஹோல்ட் காலியர். அடிமையாகப் பிறந்து, பிறகு அந்த வட்டாரத்திலேயே பேர்போன கரடி வேட்டைக்காரராக உயர்ந்தவர். காலியரின் நாய்கள் கரடியைத் துரத்திச் சென்று வளைத்துக்கொண்டன. சிக்கிய கரடி நாய்களில் ஒன்றைக் கொன்றது. மற்ற நாய்களைக் காப்பாற்றக் காலியர் கரடியை அடித்துச் சாய்த்து மரத்தில் கட்டிப்போட்டார். கட்டிவைத்த விலங்கைச் சுட மாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மறுத்தார். அந்தக் காட்சியை கிளிஃபோர்ட் பெரிமன் கேலிச்சித்திரமாக வரைந்தார். அதைப் பார்த்த புரூக்ளின் கடைக்காரர் மாரிஸ் மிச்டம் பொம்மை செய்து விற்கத் தொடங்கினார்.

இந்தக் கதையில் அதிபர் நினைவில் நிற்கிறார், கரடியும் நிற்கிறது. செத்துப்போன நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் நாய் விட்டு வேட்டையாடும் வழக்கத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். எந்த விலங்கை, எந்த மாதத்தில், எத்தனை, எந்த ஆயுதத்தால் என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன. ஓடப்போகும் நாய்க்கு அந்தக் காட்டில் என்ன காத்திருக்கிறது என்ற கேள்வி மட்டும் முழுக்க முழுக்க உரிமையாளரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. வாலை ஆட்டி ஒலி எழுப்பும் விஷப்பாம்பான கிலுகிலுப்பைப் பாம்புகள் வாழும் மாநிலங்களில் இந்த அலட்சியத்துக்கான விலையை நாய்தான் கொடுக்கிறது. பழி பாம்பின் மேல் விழுகிறது.

மோப்பத்துக்காக வளர்த்த இனங்கள்

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டது. அமெரிக்காவில் உரிமம் வாங்கி, மாநில வனவிலங்குத் துறை அறிவிக்கும் பருவத்தில் வேட்டையாடலாம். அதிலும் நாய்களோடு போகிறவர்களின் உலகம் தனி. ஜார்ஜ் வாஷிங்டன் நரி வேட்டைக்கென்றே நாய்க்கூட்டம் வளர்த்தவர். 1785-ல் பிரான்ஸிலிருந்து லஃபாயெட் அவருக்கு வேட்டை நாய்களை அனுப்பிவைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்து வட கரோலினா மலைகளில் குடியேறிய பிளாட் குடும்பம் கரடி வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய்தான் பிளாட் ஹவுண்ட். 1989 முதல் அது அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ நாய். புளூடிக், ரெட்போன், ட்ரீயிங் வாக்கர் போன்ற கூன்ஹவுண்ட் இனங்கள், ரக்கூன் என்ற சிறு விலங்கை மரத்தில் ஏற்றிவிட்டு, ஆள் வந்து சேரும்வரை அடியில் நின்று குரைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டவை.

இந்த மனிதர்கள் நாய்மேல் வைத்திருக்கும் அன்பு பொய்யல்ல. அலபாமாவில் 1937-ல் கீ அண்டர்வுட் என்பவர் ட்ரூப் என்ற தம் நாயை, வழக்கமாக வேட்டைக்காரர்கள் கூடும் இடத்திலேயே புதைத்தார். அந்த இடம் இன்று கூன்ஹவுண்டுகளுக்கு மட்டுமேயான இடுகாடு. வேறு இன நாய்க்கு அங்கே இடமில்லை. ஆண்டுதோறும் தொழிலாளர் தின விடுமுறையில் அங்கே மக்கள் திரண்டு விழா எடுக்கிறார்கள்.

சிக்கல் இந்த நாய்களின் திறமையிலேயே இருக்கிறது. நல்ல வேட்டை நாய் என்றால் மூக்கைத் தரையோடு வைத்து ஓட வேண்டும். தடம் கிடைத்ததும் தொண்டை கிழியக் குரல் கொடுக்க வேண்டும். முள், கல், ஓடை எதற்கும் நிற்காமல் போக வேண்டும். எசமானர் பின்னால் எங்கோ இருப்பார். குரலை வைத்தோ, இப்போதெல்லாம் கழுத்துப்பட்டையில் மாட்டிய ஜிபிஎஸ் கருவியை வைத்தோ நாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்வார். இந்தக் குணங்களைக் கூட்டிக் கூட்டித்தான் இனவிருத்தி செய்தார்கள். வேட்டைக்கு வெளியே இருக்கும் எச்சரிக்கை எதுவும் காதில் விழாத நாய்தான் போட்டிகளில் பரிசு வாங்குகிறது.

எச்சரிக்கை யாருக்கு?

கிலுகிலுப்பைப் பாம்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் குழிவிரியன்கள். கண்ணுக்கும் நாசிக்கும் இடையிலுள்ள குழியால் இரையின் உடல் சூட்டை உணரக்கூடியவை. டெக்சஸ், அரிசோனா, நியூ மெக்சிகோவில் மேற்கு டைமண்ட்பேக். புளோரிடா, ஜார்ஜியாவில் கிழக்கு டைமண்ட்பேக். கிழக்கு மலைக்காடுகளில் டிம்பர் வகை. தென்மேற்குப் பாலைகளில் நரம்பைத் தாக்கும் விஷம் கொண்ட மொஹாவி வகை. வாலில் உள்ள கிலுகிலுப்பை நம் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆனது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் சேரும்.

அந்த ஒலியைப் பற்றி 2021-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு சுவையானது. ஆள் நெருங்க நெருங்கப் பாம்பு வாலை ஆட்டும் வேகத்தை நொடிக்கு சுமார் 40 முறை வரை படிப்படியாகக் கூட்டுகிறது. ஒரு கட்டத்தில் சட்டென்று 60 முதல் 100 வரை தாவிவிடுகிறது. கேட்கிற மனிதர், பாம்பு உண்மையில் இருப்பதைவிட மிக அருகில் இருப்பதாக நினைத்து நின்றுவிடுகிறார். பாம்புக்கு வேண்டியது அதுதான்: மோதல் இல்லாமல் எதிராளியைத் தள்ளிவைக்க வேண்டும். விஷம் அதற்கு இரை பிடிக்கும் முதல். அதை வீணாக்க அதற்கு விருப்பமில்லை.

நடந்து போகிறவருக்கு இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. கத்திக்கொண்டே பாய்ந்து ஓடும் நாய்க்கு இது எட்டவே எட்டாது. ஒலி மாறும் நொடியில் நாய் பாம்பின் மேலேயே இருக்கும்.

போதாததற்கு, கிலுகிலுப்பைப் பாம்பு எப்போதும் ஒலி எழுப்பும் என்பதும் தவறான நம்பிக்கை. அதன் முதல் பாதுகாப்பு அதன் நிறம்தான். அசையாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். காட்டுப்பன்றிகள் தின்றுவிடும் பயத்தால் டெக்சஸ் பாம்புகள் ஒலி எழுப்புவதையே விட்டுவிட்டன என்று அங்கே ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கு ஆதாரமில்லை, மறைந்து கிடப்பது அவற்றின் பழைய குணம். டிம்பர் வகை இரைக்குக் காத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் ஆபத்து புரியும். விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் எலிகள் ஓடும் என்பதால், மரத்தின் பக்கத்தில் சுருண்டு, தலையை அதன்மேல் சாய்த்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். விழுந்த மரத்தைத் தாண்டிக் குதிப்பது வேட்டை நாயின் அன்றாட வேலை. கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழுவதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

கோடையில் ஏன் ஓட வேண்டும்?

குளிர் மாதங்களில் இந்தப் பாம்புகள் பாறை இடுக்கிலும் வளையிலும் அடங்கிவிடும். அரிசோனாவில் அவை நடமாடும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் அக்டோபர் வரை. கோடையின் உச்சத்தில் பகல் வெயில் தாங்காமல் இரவில் நடமாடத் தொடங்கும். இரவுதான் ரக்கூன் வேட்டைக்கும் நேரம். டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பருவத் தடையே இல்லை. ஜூலை இரவிலும் நாய்களை இறக்கலாம். பல மாநிலங்களில் விலங்கைக் கொல்லாமல் நாய்களைத் துரத்தப் பழக்குவதற்கு, வேட்டைப் பருவத்துக்கு வெளியிலும் அனுமதி உண்டு. வேட்டைப் பருவங்கள் வேட்டை விலங்கின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுக்கப்படுகின்றன. நாயும் பாம்பும் ஒரே தரையில் ஒரே நேரத்தில் நடமாடும் மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கொலராடோவில் மலைச்சிங்கம் எனப்படும் பியூமாவை நாய்களோடு வேட்டையாடுகிறவர்கள் பனி விழுந்த பிறகே போகிறார்கள். பனியில் தடம் தெளிவாகத் தெரியும் என்பது அவர்களுடைய காரணம். பாம்புகள் பூமிக்கடியில் இருப்பது கூடுதல் லாபம். இத்தகைய வேட்டையையே தடை செய்யக் கோரி 2024-ல் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்து தோற்றது. வாஷிங்டன் மாநிலத்தில் 1996-லும், ஓரிகனில் 1994-லும் பியூமாவுக்கு எதிராக நாய்களைப் பயன்படுத்துவதை மக்கள் வாக்களித்து நிறுத்தினார்கள். இந்த விவாதங்களிலெல்லாம் துரத்தப்படும் விலங்கின் துன்பமே பேசுபொருள். அது நியாயம்தான். துரத்துகிற விலங்குக்கும் ஓர் உடல் இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துப் பேச வேண்டும்.

பூட்ஸ் போட்ட மனிதர், வெறுங்காலோடு நாய்

பாம்பு நாட்டில் வேட்டைக்குப் போகும் அமெரிக்கர், பல் இறங்காத தடித்த பூட்ஸை முழங்கால் வரை மாட்டிக்கொள்கிறார். பூட்ஸ் இல்லாதவர் காலுறை போலக் கவசம் கட்டிக்கொள்கிறார். நாய்க்கு என்ன இருக்கிறது? பன்றி வேட்டை நாய்களுக்குத் தந்தம் கிழிக்காத மார்புக் கவசம் உண்டு; முகத்துக்கும் காலுக்கும் எதுவும் இல்லை. மோப்பம் பிடிக்கும் மூக்கை மூடிவிட்டு வேட்டைக்கு அனுப்ப முடியாது.

அதனால் மூன்று மாற்று ஏற்பாடுகளை நம்புகிறார்கள். முதலாவது, பாம்பை விலக்கும் பயிற்சி. வாய் கட்டிய, அல்லது கூண்டில் அடைத்த உயிருள்ள பாம்பின் அருகே நாயைக் கொண்டுபோவார்கள். அது முகரப் போகும் நொடியில் கழுத்துப்பட்டை வழியாக மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். அடுத்த முறை அந்த வாடையைக் கண்டாலே நாய் ஒதுங்கும். மறந்துவிடாமல் இருக்க ஆண்டுதோறும் பயிற்சியைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். இதை எதிர்ப்பவர்கள் உண்டு. விலங்கு நடத்தை பற்றிய அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாடு, வலி கொடுத்துப் பழக்கும் முறைகளைக் கைவிட்டு, வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைக்கிறது.

ஒரு நொடி அதிர்ச்சியையும், அழுகி உதிரும் தசையையும் தராசில் வைத்தால் அதிர்ச்சியே மேல் என்று வேட்டைக்காரர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி மைதானத்தில், நின்ற நிலையில், கயிற்றில் கட்டிய நாய்க்குக் கொடுக்கப்படுகிறது. ரக்கூனின் வாடை மூக்கு நிறைய ஏறியபின், காற்று எதிர்ப்பக்கம் வீசும்போது, மரத்துக்கு அப்பால் கிடக்கும் பாம்பை அந்த நாய் எப்படி அறியும்? பயிற்சி ஆபத்தைக் குறைக்கும். கோடை வேட்டைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

இரண்டாவது, தடுப்பூசி. மேற்கு டைமண்ட்பேக்கின் விஷத்திலிருந்து தயாரித்த நாய்த் தடுப்பூசி 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. எலிகளில் செய்த சோதனையில் அந்தப் பாம்பின் விஷத்துக்கு எதிராகப் பலன் தெரிந்தது. வேறு சில கிலுகிலுப்பைப் பாம்புகளின் விஷத்துக்கு எதிராகப் பலன் மிகக் குறைவு. நிஜக் கடிகளில் நாய்களை அது எந்த அளவு காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று சேரவில்லை. ஊசி போட்ட நாயானாலும் கடிபட்டால் உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும் என்றே கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது, விஷமுறிவு மருந்து. சிகிச்சை கிடைத்த நாய்களில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. ஆனால் ஒரு குப்பியின் விலையே நூற்றுக்கணக்கான டாலர். ஒன்றுக்கு மேலும் தேவைப்படலாம். அதைவிடப் பெரிய தடை தூரம். கடிபட்ட நாய் சாலையிலிருந்து பல மைல் தள்ளிப் பள்ளத்தாக்கில் கிடக்கும். ஓட ஓட விஷம் பரவும் என்பதால் அதைத் தூக்கித்தான் வர வேண்டும். 25 கிலோ எடையுள்ள நாயை இருட்டில் பாறை ஏற்றித் தூக்கி வருவது எளிதல்ல. முகம் வீங்கத் தொடங்கினால் முதலில் கழற்ற வேண்டியது அந்த ஜிபிஎஸ் பட்டையைத்தான். இல்லையென்றால் அதுவே கழுத்தை இறுக்கிவிடும். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிறு கட்டுவது, பனிக்கட்டி வைப்பது ஆகியவை எல்லாம் கேடு செய்பவை. இருந்தும் பழைய வேட்டைக்காரர்களின் வாய்வழி வைத்தியத்தில் இவை இன்னும் வாழ்கின்றன.

பாம்பைப் பழிவாங்கும் திருவிழா

நாயையும் மாட்டையும் காக்கிறோம் என்ற பெயரில் நடப்பது இன்னொரு கொடுமை. டெக்சஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் ஆண்டுதோறும் மார்ச்சில் கிலுகிலுப்பைப் பாம்புத் திருவிழா நடக்கிறது. கால்நடைகளைக் கடிக்கும் பாம்புகளைக் குறைக்க விவசாயிகள் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று கூட்டம் கூட்டித் தலை வெட்டித் தோலுரிக்கும் வேடிக்கையாகிவிட்டது. வளைக்குள் பெட்ரோல் ஆவியைச் செலுத்திப் பாம்புகளை வெளியே துரத்தும் முறையும் அங்கே நெடுநாள் வழக்கம். அதே வளையில் ஒதுங்கியிருக்கும் மற்ற உயிர்களும் அதில் சாகும். ஜார்ஜியாவின் கிளாக்ஸ்டன் ஊர் இதே போன்ற விழாவை 2012-ல் பாம்பைக் கொல்லாத வனவிலங்கு விழாவாக மாற்றிக்கொண்டது. வருவோர் கூட்டத்தை இழக்காமல் வழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி.

கொன்று குறைப்பதில் தற்காலிக நிம்மதி உண்டு. ஆனால் பாம்பினம் அதை ஈடுசெய்ய முடியாது. வடக்கு மலைகளில் டிம்பர் வகைப் பெண் பாம்பு முதல் முறை குட்டி போடவே ஏழு முதல் பத்து ஆண்டு ஆகிறது. அதன் பிறகும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் அது ஏற்கெனவே அற்றுப்போனது. நியூ ஹாம்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் சொன்னது: ஒரு டிம்பர் பாம்பு தான் தின்னும் எலிகளோடு சேர்த்து ஆண்டுக்கு 2,500 முதல் 4,500 உண்ணிகளை அழிக்கிறது. லைம் நோயைப் பரப்பும் உண்ணி மனிதருக்கும் நாய்க்கும் பொது எதிரி.

மனித உயிர் என்ற வாதமும் அங்கே வலுவாக நிற்காது. அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேரை விஷப்பாம்பு கடிக்கிறது. இறப்பவர்கள் ஏறத்தாழ ஐந்து பேர். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான காலத்தைக் கணக்கிட்ட ஆய்வு சொல்கிறது. அத்தனை சாவுக்கு நடுவிலும் தமிழ்நாட்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்குப் பெரும்பாலும் ஆதாரம் அந்த விஷம்தான்.

அந்த இருளர்களின் பாடம் அமெரிக்கக் காட்டுக்கே நேரில் போனது. புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அம்மாநில வனவிலங்கு ஆணையமும் புளோரிடா பல்கலைக்கழகமும் வரவழைத்தன. இரு வாரங்களுக்குள் அவர்கள் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளமுள்ள பெண் பாம்பு. தடத்தையும் எச்சத்தையும் புல் சாய்ந்திருக்கும் வாகையும் பார்த்து, அவசரமில்லாமல் நடந்தே பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் புளோரிடா போவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம், அதே புளோரிடாவில் லாப்ரடார் நாய்களை மலைப்பாம்பைக் கண்டுபிடிக்கப் பழக்கியது. பாம்பின் வாடை கிடைத்ததும் மேலே பாயாமல், எட்ட நின்று உட்கார்ந்து காட்டும்படி அவை பழக்கப்பட்டன. பாம்பு வாடை கண்டால் நிற்க நாய்க்குக் கற்றுக்கொடுக்க முடியும். ஆனால் அந்த நாய்கள் பழக்கியவரின் பக்கத்தில், அவர் சொல் கேட்கும் தூரத்தில் வேலை செய்தவை.

விதி எழுதுவோர் செய்ய வேண்டியது

வேட்டைக்காரர்களின் மறுப்பு தெரிந்ததே. காட்டுப்பன்றிகளால் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 150 கோடி டாலர் அளவுக்கு நஷ்டம் என்று வேளாண் துறையே மதிப்பிட்டிருக்கிறது. பன்றி கோடையில் விடுமுறை எடுப்பதில்லை என்பார்கள். உண்மை. ஆனால் பன்றியைப் பிடிக்கப் பெருங்கூண்டுப் பொறி உண்டு. ஒரு கூட்டத்தையே ஒரே இரவில் அடைக்க அது உதவும். நாய் ஒன்றுதான் வழி என்பது கோடைக்குப் பொருந்தாது. நாயைச் சும்மா வைத்திருந்தால் திறமை போய்விடும் என்பது அடுத்த வாதம். பாம்புகள் இல்லாத வேலியிட்ட நிலத்திலும், வாடைப் பொருளை இழுத்துச் சென்று உருவாக்கும் செயற்கைத் தடத்திலும் பயிற்சி கொடுக்கும் வழக்கம் அவர்களிடமே இருக்கிறது.

மாநில வனவிலங்குத் துறைகள் செய்ய வேண்டியவை மூன்று. கிலுகிலுப்பைப் பாம்பு மிகுந்த வட்டாரங்களில், கோடை இரவுகளில் கொல்லாமல் துரத்தும் பயிற்சிக்கான அனுமதியை நிறுத்த வேண்டும். நாயோடு வேட்டையாட உரிமம் கேட்பவருக்கு, கடிபட்ட நாய்க்கு முதலுதவி என்ன, அருகில் விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனை எது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று விதிக்க வேண்டும். பாம்பு வளைக்குள் பெட்ரோல் ஊற்றுவதை எல்லா மாநிலங்களிலும் தடை செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் வேட்டையை ஒழித்துவிடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர் மாதங்கள் அவர்களுக்கு அப்படியே இருக்கின்றன.

பாம்பு தன் இடத்தில் கிடக்கிறது. நாய் சொன்ன பக்கம் ஓடுகிறது. எந்த மாதம், எந்தக் காடு, எந்த நேரம் என்று தீர்மானிக்கிறவர் பட்டையை அவிழ்க்கும் மனிதர் மட்டுமே. எனவே நாய் வாங்கும் கடிக்கும் அவரே பொறுப்பு. சட்டமும் அவரிடமே கணக்குக் கேட்க வேண்டும்.